சோலைப் பாதையில் நடக்கும்போது கைப்பேசி எங்கே இருக்க வேண்டும்?

கோத்தகிரிவாசி:
கோத்தகிரியில் லாங்வுட் சோலையை ஒட்டிய பாதைகளில் பதினோரு ஆண்டுகளாகக் காலை நடை போகிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். சென்ற வாரம் என்னோடு நடக்க வந்த தங்கை மகன், கிளம்பியது முதல் திரும்பும்வரை எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று, ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை நிமிடம் பிடித்தது என்பதையே பார்த்துக்கொண்டு வந்தான். பாசி படர்ந்த வேர்களைப் பார்க்க நான் ஒரு மரத்தடியில் நின்றபோது, "மாமா, நின்றால் சராசரி வேகம் குறைந்துவிடும்" என்றான். பிழை அவனுடையது அன்று. ஒருவர் நடையை இன்னொருவர் நடையோடு ஒப்பிட்டு வரிசைப்படுத்தும் செயலி, நிற்பதை நஷ்டக் கணக்கில் எழுதுகிறது. தினசரி நடைக்கு இவை வேண்டவே வேண்டாம் என்பது என் கருத்து.

சாரல்:
ஐயா, நான் தனியாக நடக்கும் பெண். துணைக்கு ஆள் கிடைத்தால்தான் மலைப்பாதை என்றிருந்த வீட்டில், நான் இருக்கும் இடத்தை அக்கா தன் கைப்பேசியில் பார்க்க முடிகிறது என்பதால்தான் வாரத்தில் நான்கு நாள் வெளியே போக முடிகிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிரிப்பது போல ஒலிக்கும் ஒரு குரலை "ஏதோ குருவி" என்று மூன்று ஆண்டுகளாகக் கடந்துபோனேன். கார்னெல் பறவையியல் ஆய்வகத்தின் மெர்லின் செயலி, அது நீலகிரிச் சிரிப்பான் என்று காட்டியது. உலகிலேயே இந்த மலையின் உயர்ந்த பகுதிகளில் மட்டும் வாழும் பறவை அது என்று அறிந்த நாளிலிருந்து, அந்தக் குரல் கேட்டால் என் கால்கள் தாமாகவே நின்றுவிடுகின்றன. நிற்கக் கற்றுக்கொடுத்ததும் ஒரு செயலிதான்.

கோத்தகிரிவாசி:
பறவையைப் பற்றி நீங்கள் சொன்னதை ஏற்கிறேன், அம்மா. ஆனால் பள்ளத்தில் இறங்கியதும் சிக்னல் போய்விடுகிறது. அப்போது அக்கா பார்த்துக்கொண்டிருப்பது நீங்கள் அரைமணி நேரத்துக்கு முன்பு நின்ற இடத்தை அல்லவா? காதில் இயர்போன் வைத்துக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்தால் எனக்கு அச்சமாக இருக்கிறது. தேயிலைச் செடிக்குப் பின்னால் காட்டெருமை மூச்சு விடும் ஓசை எந்தத் திரையிலும் வராது.

வரைபடப்பிரியன்:
இரண்டு செய்திகள் இங்கே கலந்துவிட்டன. ஜிபிஎஸ் செயற்கைக்கோளிலிருந்து வருவதால் அதற்கு டவர் தேவையில்லை. வீட்டிலேயே வரைபடத்தை இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் இல்லாத பள்ளத்திலும் நாம் நிற்கும் இடம் தெரியும். நம் இடத்தை இன்னொருவருக்கு அனுப்பத்தான் இணையம் வேண்டும். அதே நேரத்தில், அடர்ந்த மரக்கூரையின் கீழும் செங்குத்தான சரிவின் ஓரத்திலும் அந்தப் புள்ளி பல மீட்டர் தள்ளிக் காட்டக்கூடும் என்பதையும், கோடு இருப்பதால் மட்டும் அங்கே பாதை இருக்கிறது என்று ஆகிவிடாது என்பதையும் மறக்கக் கூடாது. ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலைக்குக் கூகுள் மேப்ஸ் காட்டிய வழி, பாதையே இல்லாத செங்குத்துப் பாறைகளின் மேல் போவதாகவும் உயிருக்கே ஆபத்தானதாகவும் இருப்பதாக 2021 ஜூலையில் ஜான் மியூர் அறக்கட்டளையும் அந்நாட்டு மலையேற்ற அமைப்பும் எச்சரித்தன. 1,345 மீட்டர் உயரமுள்ள, ஆண்டுதோறும் ஏராளமானோர் ஏறும் மலைக்கே இந்த நிலை என்றால், நம் எஸ்டேட் ஒற்றையடிப் பாதைகளை யார் சரிபார்த்திருக்கப் போகிறார்கள்?

சாரல்:
அது எனக்கே நேர்ந்தது. சென்ற ஐப்பசியில் மூடுபனி இறங்கிய ஒரு காலையில், திரையில் தொடர்ந்துகொண்டிருந்த கோடு, தரையில் ஒரு முள்வேலியில் முடிந்துவிட்டது. கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஓர் அக்காதான், "அந்தப் பக்கம் காட்டெருமை நிக்குது, இப்படி மேலே வா கண்ணு" என்று கைகாட்டினார். அன்றிலிருந்து கைப்பேசியைப் பைக்குள் வைத்துக்கொண்டுதான் நடக்கிறேன். வேகக் கணக்கு எனக்கும் தேவையில்லை. ஆனால் ஐயா, நீங்கள் பதினோரு ஆண்டுகளாக நடந்து இந்தப் பாதைகளைக் காலாலேயே அறிந்தவர். கோயம்புத்தூரிலிருந்து முதல் முறையாக வந்து, பனியில் வழி கேட்க ஒருவரும் இல்லாமல் நிற்கிற பெண்ணிடம், பைக்குள் இருக்கும் வரைபடமும் வேண்டாம் என்று உங்களால் சொல்ல முடியுமா?

கோத்தகிரிவாசி:
முடியாது. அந்தப் பெண்ணிடம் வரைபடம் இருக்கட்டும். என் தங்கை மகனிடம் அந்த வேகக் கணக்கு இருக்கக் கூடாது என்பதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.