"என் பாஸ்வேர்டுதான் உனக்குத் தெரியுமே" – அலுவலக அனுபவங்கள்

தென்காசிப் பக்கம், வங்கி எழுத்தர்:

பதினோரு ஆண்டுகளாக வங்கிக் கவுண்டரில் இருக்கிறேன். ஒருவர் பதிவதை இன்னொருவர் சரிபார்த்து அங்கீகரித்தால்தான் பணம் நகர வேண்டும். ஆனால் ஓய்வூதியக்காரர்கள் வாசல்வரை நிற்கும் நாளில் அதிகாரி லாக்கர் அறைக்குப் போயிருப்பார். "என் பாஸ்வேர்டுதான் உனக்குத் தெரியுமே அம்மா, போட்டுவிடு" என்பார். விசைப்பலகையைத் திருப்பினால் அடியில் டேப் ஒட்டிய துண்டுச் சீட்டு. மகள் பெயர், அதன் பின்னால் மாத எண். மாதாமாதம் மாற்றச் சொன்னதால் வந்த ஏற்பாடு: ஜூனில் 06, ஜூலையில் 07.

அப்படி ஒரு நாள் நானே பதிந்து, நானே அவர் பெயரில் அங்கீகரித்தேன். ஒரே பெயர், ஒரே தலைப்பெழுத்து கொண்ட இரண்டு பெரியவர்கள். ஒருவருடைய வைப்புத்தொகை மற்றவர் கணக்குக்குப் போய்விட்டது. அவர் நல்ல மனிதர், பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஆனால் விளக்கம் கேட்ட கடிதம் அதிகாரி பெயருக்கு வந்தது. அவர் ஓய்வு பெற எட்டே மாதம் இருந்தது. என் பெயரை அவர் சொல்லவில்லை. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் நானே எழுதிக் கொடுத்தேன்.

2018-இல் பஞ்சாப் நேஷனல் வங்கியின் மும்பை பிராடி ஹவுஸ் கிளை மோசடி வெளிவந்தபோது, ஸ்விஃப்ட் செய்திகள் (வங்கிகள் தங்களுக்குள் பணப் பரிமாற்றத் தகவல் அனுப்பும் வலையமைப்பு) வங்கியின் மைய மென்பொருளில் பதியாமலேயே வெளிநாடு போனதைத் தேநீர் வேளையில் நாங்கள் பேசாத நாளில்லை. சுற்றறிக்கையில் கையெழுத்தும் போட்டோம். சீட்டு மட்டும் அங்கேயே இருந்தது. விதி தெரியாமல் இல்லை. பெரியவர் நம்பிக் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை.

இப்போதைய மேலாளர் எவ்வளவு கூட்டம் இருந்தாலும் தானே எழுந்து வந்து விரல் வைத்து அங்கீகரிக்கிறார். அவரிடம் யாரும் பாஸ்வேர்டு கேட்டதில்லை.

கோவை, மருத்துவமனை ஆய்வகம்:

எங்கள் இரவுப் பணியில் ஒரே கணினி, விடியும்வரை ஒரே செவிலியரின் பெயர். வெளியேறி மறுபடி நுழைவதற்குள் நோயாளி காத்திருப்பார். அட்டையைத் தொட்டால் திறக்கும் வசதி வந்த பிறகு யாரும் யார் பெயரையும் இரவல் வாங்குவதில்லை.

திருப்பூர், பின்னலாடை நிறுவனக் கணக்காளர்:

வங்கி அக்கா, நம்பிப் பழகியவரிடம் மறுத்துச் சொல்ல முடியாத அந்தச் சங்கடம் எனக்கும் நேர்ந்தது. பின்னல் இயந்திர ஊசி அனுப்பும் வெளிநாட்டு வியாபாரியிடமிருந்து, வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக மின்னஞ்சல். எங்களுடைய பழைய கடிதங்களும் அதன் கீழேயே இருந்தன. கணக்கு மாறினால், ஏற்கெனவே நம்மிடம் உள்ள எண்ணில் அழைத்துப் பேச வேண்டும் என்பது விதி. "பத்து வருடப் பழக்கம், அவர்களைப் போய்ச் சந்தேகப்படுவதா? சரக்கு நின்றுவிடும்" என்று முதலாளி கடிந்துகொண்டார். அவர்கள் ஊரில் அப்போது இரவு. திட்டு வாங்கிக்கொண்டே மறுநாள்வரை பணத்தை நிறுத்தி வைத்தேன்.

மறுநாள் பழைய எண்ணில் அழைத்தபோது, "நாங்கள் எதையும் மாற்றவில்லையே" என்றார்கள். பிறகுதான் மின்னஞ்சல் முகவரியைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆங்கில 'எம்' (m) இருக்க வேண்டிய இடத்தில் 'ஆர்', 'என்' (rn) இரண்டும் ஒட்டி நின்றன.

முதலாளி அன்று ஒன்றும் பேசவில்லை. அடுத்த வாரம் உள்ளூர்ச் சாயப்பட்டறை ஒன்று கணக்கு எண்ணை மாற்றியபோது, "பேசிவிட்டாயா?" என்று அவரே கேட்டார்.