பிஎஸ்5 ரெக்கார்டிங்: ஓபிஎஸ் சாஃப்ட்வேர்ல கறுப்புத் திரை. கேப்சர் குச்சியை மாத்தணுமா, செட்டிங்கை மாத்தணுமா?

நள்ளிரவு_கேமர்:
பிஎஸ்5, பழைய ஸ்விட்ச்னு ரெண்டு கேம் கன்சோலையும் ஓபிஎஸ்ங்கிற ரெக்கார்டிங் சாஃப்ட்வேர்ல ரெக்கார்ட் பண்ணி யூடியூப்ல போடணும். லேப்டாப் ஐ5, 8 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650. கையில இருக்கிறது பென் டிரைவ் சைஸ்ல ஒரு யூஎஸ்பி கேப்சர் குச்சி (கன்சோல் படத்தை லேப்டாப்புக்குக் கொண்டு வர்றது), அட்டையில '4கே'ன்னு போட்டிருக்கு. ஸ்விட்ச் படம் வருது, ஆனா வெட்டி வெட்டி ஓடுது. பிஎஸ்5 முழுக்கக் கறுப்பு. ஓபிஎஸ் ஜன்னலைப் பாத்து விளையாடினா, பட்டனை அழுத்திக் கொஞ்சம் கழிச்சுத்தான் ஆள் குதிக்கிறான். புது கார்டு வாங்கினாத்தான் தீருமா?

கம்பியும்_கணக்கும்:
மூணும் வேற வேற கோளாறு ப்ரோ, ஒண்ணா சேத்துப் பாக்காதீங்க.

கறுப்புத் திரைக்குக் காரணம் எச்டிசிபி, அதாவது படத்தைக் காப்பியடிக்க விடாம எச்டிஎம்ஐ சிக்னல்ல போடுற பூட்டு. பிஎஸ்5ல செட்டிங்ஸ், சிஸ்டம், எச்டிஎம்ஐ போய் 'எனேபிள் எச்டிசிபி'யை ஆஃப் பண்ணுங்க. கேம் எல்லாம் ஓடும். நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி ஆப் பாக்கணும்னா திரும்ப ஆன் பண்ணணும். ஸ்விட்ச் கேமுக்கு இந்தப் பூட்டு போடுறதில்ல, அதான் அது மட்டும் தெரியுது.

வெட்டி ஓடுறது யூஎஸ்பி 2.0 கணக்கு. 1080பி, 60 ஃபிரேம், சுருக்காத ஒய்யூஒய்2 படம்னா நொடிக்குச் சுமார் 2 ஜிகாபிட். யூஎஸ்பி 2.0 தாங்குறது ஏட்டளவுல 480 மெகாபிட். '4கே'ங்கிறது உள்ளே வாங்கிக்கிற சிக்னல்தான், பதிவாகிற அளவு இல்ல. ஓபிஎஸ்ல அந்த சோர்ஸோட ப்ராப்பர்ட்டீஸ்ல வீடியோ ஃபார்மட்டை எம்ஜேபெக் (ஒவ்வொரு ஃபிரேமையும் சுருக்கி அனுப்புறது) ஆக்குங்க. ஒய்யூஒய்2ல இருந்தா இந்த வகைக் குச்சி 1080பியில 5 ஃபிரேம்தான் தரும். எம்ஜேபெக்ல 1080பின்னா 30, 720பின்னா 60 கிடைக்கும். வேகமான கேமுக்கு 720பி 60 மேல்.

மூணாவதுக்கு செட்டிங் கிடையாது. ப்ரிவ்யூ பாத்து விளையாடவே கூடாது, டிவியைப் பாத்துத்தான் விளையாடணும். அதுக்கு கார்டுல பாஸ்-த்ரூ (கன்சோல் படத்தை நேரா டிவிக்கு அனுப்புற வழி) வேணும், உங்க குச்சியில அது இல்ல. புதுசு வாங்க மனசில்லேன்னா ஒண்ணு உள்ளே ரெண்டு வெளியே வர்ற எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் போதும்: ஒரு வயர் டிவிக்கு, இன்னொண்ணு குச்சிக்கு. ஆனா சாதாரண ஸ்ப்ளிட்டர்ல ரெண்டு பக்கமும் ஒரே ரெசல்யூஷன்தான் போகும்.

பழைய_ஜாய்ஸ்டிக்:
வாங்குறதுன்னா முதல்ல டிவியைச் சொல்லுங்க. 1080பி டிவின்னா அவர்மீடியா லைவ் கேமர் மினி தாராளம்: 1080பி 60ல பதிவும் பாஸ்-த்ரூவும். 4கே டிவியில அதை மாட்டினா டிவியும் 1080பிக்கு இறங்கிடும். அங்க எல்காட்டோ எச்டி60 எக்ஸ்: டிவிக்கு 4கே 60 எச்டிஆர் (வெளிச்சமும் கலரும் கூடுதலா காட்டுற முறை) அப்படியே போகும், பதிவு 1080பி 60 இல்லேன்னா 4கே 30. இதுக்கு யூஎஸ்பி 3.0 கட்டாயம். ஹப்ல மாட்டாதீங்க, நேரா லேப்டாப்ல மாட்டுங்க.

ஸ்விட்ச்சுக்காக மட்டும் பெரிய கார்டு வாங்கறது வீண். டாக் (ஸ்விட்ச்சை டிவியோட இணைக்கிற ஸ்டாண்ட்) வெளியே விடுறதே 1080பி 60தான்.

ஃபிரேம்_கஞ்சன்:
ஓபிஎஸ் பக்கம். அவுட்புட்டை 'அட்வான்ஸ்ட்' ஆக்கி, ரெக்கார்டிங்ல என்கோடர் (படத்தைச் சுருக்குறது) என்விஎன்க் எச்.264, அது உங்க ஜிடிஎக்ஸ் கார்டுலயே இருக்கு. ரேட் கண்ட்ரோல் சிக்யூபி (தரத்தை ஒரே அளவுல வைக்கிறது), மதிப்பு 20. எண் குறைஞ்சா தரமும் ஃபைலும் ஏறும். ரெண்டு நிமிஷம் பதிஞ்சு பாத்து, ஃபைல் பெருசா வந்தா 22-23க்கு ஏத்துங்க. சராசரி 40 மெகாபிட் வந்தா மணிக்கு 18 ஜிபி. எக்ஸ்டர்னல் டிரைவ் ஃபேட்32ல இருந்தா 4 ஜிபியோட பதிவு நின்னுடும், எக்ஸ்ஃபேட் ஆக்கிக்கோங்க.

ஃபார்மட் எம்கேவி வைங்க. நடுவுல கரண்ட் போனாலும் அதுவரைக்கும் பதிஞ்சது பிழைக்கும். சாதாரண எம்பி4ன்னா மொத்தமும் திறக்காமப் போயிடலாம். முடிஞ்சதும் ஃபைல் மெனுவுல 'ரீமக்ஸ்' கொடுத்தா தரம் குறையாம எம்பி4 ஆயிடும்.

மைக்கை ரெண்டாவது டிராக்ல தனியா போடுங்க. கேம் சத்தத்துல பேச்சு முங்கிட்டா அப்புறம் பிரிக்க வழியில்ல. கார்டுல இருந்து படம் தாமதமா வரும், மைக் உடனே வரும். அதனால பேச்சு முந்தும். மெனுவுல சத்தம் வர்ற ஒரு பட்டனை மைக் பக்கத்துல வச்சு அழுத்திப் பதிவு பண்ணி, எடிட்டர்ல ரெண்டு சத்தத்துக்கும் நடுவுல எத்தனை ஃபிரேம்னு எண்ணுங்க. 60 ஃபிரேம்ல 6 ஃபிரேம் இடைவெளின்னா 100 மில்லிசெகண்ட். அட்வான்ஸ்ட் ஆடியோ ப்ராப்பர்ட்டீஸ்ல மைக்கோட 'சிங்க் ஆஃப்செட்'ல அதைப் போடுங்க.

நள்ளிரவு_கேமர்:
எச்டிசிபி ஆஃப் பண்ணதும் பிஎஸ்5 படம் வந்துடுச்சு! ஆனா கலர் வெளிறிப்போன மாதிரி இருக்கு. டிவி 1080பிதான்.

கம்பியும்_கணக்கும்:
பிஎஸ்5ல ஸ்க்ரீன் அண்ட் வீடியோ போய் எச்டிஆரை ஆஃப் பண்ணிப் பாருங்க. அப்பவும் வெளிறினா, ஓபிஎஸ்ல அந்த சோர்ஸோட 'கலர் ரேஞ்ச்'சை லிமிட்டெட், ஃபுல் ரெண்டுலயும் மாத்தி வச்சு, கேமோட இருட்டுக் காட்சி டிவியில தெரியிற மாதிரி எதுல வருதோ அதுல விட்டுடுங்க. உங்க டிவிக்கு இப்போதைக்கு ஸ்ப்ளிட்டரே போதும்.