முகமலர், மலர்முகம்: உவமையா உருவகமா?

லயத்துவாசி (சுங்கை சிப்புட்):
வணக்கம். தோட்ட மண்டபத்தில் ஞாயிறுதோறும் படிவம் 4 பிள்ளைகளுக்கு அணியிலக்கணம் நடக்கிறது. 'போல' கண்ணில் பட்டால் உவமை, படாவிட்டால் உருவகம் என்று எழுதிவிடுகிறார்கள். பிறிதுமொழிதல் என்றால் வகுப்பே வாய் திறப்பதில்லை. 'பீலிபெய் சாகாடும்' குறளை (475: மயிலிறகே ஆனாலும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும்), லாரியில் செம்பனைக் குலை அளவுக்கு மீறி ஏற்றுவதைச் சொல்லி விளக்கியும் பிடிபடவில்லை. எப்படிப் பிரித்துக் காட்டுவது?

பால்மரக்காடு:
முதலில் 'போல'வைத் தேடுவதை நிறுத்தச் சொல்லுங்கள். "மழை வரும் போல இருக்கிறது" என்பதில் உவமை எங்கே? வெறும் ஊகம். தேட வேண்டியவை நான்கு: பொருள், உவமை, பொதுத்தன்மை, உருபு. 'அகழ்வாரைத் தாங்கும் நிலம்போல' (குறள் 151) என்பதில் நிலம் உவமை, இகழ்வாரைப் பொறுப்பவர் பொருள், தாங்குதல் பொதுத்தன்மை, 'போல' உருபு. நான்கும் வெளிப்படையாக நிற்பதால் உவமையணி.

இனி ஒவ்வொன்றாக மறைத்துப் பாருங்கள். உவமையும் பொருளும் தனித்தனி வாக்கியமாக நின்று உருபு மட்டும் மறைந்தால் எடுத்துக்காட்டு உவமை; முதல் குறளே சான்று. எழுத்துக்கு அகரம் முதல், உலகுக்கு ஆதிபகவன் முதல். நடுவே 'அதுபோல' இல்லை. பொருளே மறைந்து உவமை மட்டும் நின்றால் பிறிதுமொழிதல். 475ஆம் குறளில் மயிலிறகும் வண்டியும் அச்சும்தான் உண்டு. பகைவர் என்ற பேச்சே இல்லை. அது வலியறிதல் அதிகாரத்தில் இருப்பதால்தான், எளிய பகைவரும் திரண்டால் வலியவன் முறிவான் என்று கொள்கிறோம். அதிகாரத் தலைப்பைக் கரும்பலகையில் எழுதாமல் இந்த அணியை நடத்தினால் யாருக்கும் புரியாது.

லாரி உதாரணம்தான் காலை வாரியிருக்கிறது. செம்பனைக் குலை தனியாகவே கனம். இறகின் லேசுதான் அந்தக் குறளுக்கு உயிர்.

தெலுக் இந்தான் வாசகன்:
உருவகத்துக்கு வருகிறேன். சொல் வரிசையைப் பார்க்கச் சொல்லுங்கள். மலர்முகம் என்றால் மலர் போன்ற முகம், அது உவமைத்தொகை. முகமலர் என்றால் முகமாகிய மலர், அது உருவகம். நடுவில் 'போன்ற' பொருந்துகிறதா, 'ஆகிய' பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்தால் போதும்.

வினைச்சொல்லும் காட்டிக்கொடுக்கும். 'பிறவிப் பெருங்கடல் நீந்துவர்' (குறள் 10): கடலைத்தான் நீந்த முடியும், பிறவியை அல்ல. வெறும் 'உருவகம்' என்று விடையெழுதி நிறுத்திவிட வேண்டாம். பிறவியைக் கடலாக்கியவர் இறைவனடியைத் தெப்பமாக்கவில்லை. ஒன்றை உருவகித்து அதன் துணையை விட்டுவிட்டதால் ஏகதேச உருவகம்.

லயத்துவாசி:
நன்றி ஐயா. இன்னொன்று. ஒரு மாணவி, "வெட்டு விழுந்த பால்மரம் கண்ணீர் விடுகிறது" என்று எழுதி, தற்குறிப்பேற்றம் என்று குறித்திருக்கிறாள். மதிப்பெண் போடலாமா?

பால்மரக்காடு:
பாதி போடலாம். தற்குறிப்பேற்றத்துக்கு இரண்டு வேண்டும்: இயல்பாக நடக்கும் செயல், அதன்மேல் கவிஞர் ஏற்றும் குறிப்பு. சீவிய ரப்பர் மரத்தில் பால் வடிவது இயல்பு, சரி. ஏன் அழுகிறது என்பதுதான் இல்லை. மரத்தை ஆளாக்கியதோடு வரி நின்றுவிட்டது. "தன்னைச் சீவியவளின் கூலியை நினைத்துப் பால்மரம் கண்ணீர் விடுகிறது" என்று திருத்தச் சொல்லுங்கள். முழு மதிப்பெண்ணும் கொடுக்கலாம்.

பக்கத்திலேயே சிலப்பதிகாரத்து மதுரைக் கொடியையும் வையுங்கள். காற்றில் கொடி அசைவது இயல்பு. கோவலனை 'வாராதே' என்று கைகாட்டி மறிப்பது இளங்கோ ஏற்றிய குறிப்பு. அடியில் 'என்பனபோல்' என்று வரும். உங்கள் பிள்ளைகள் அதைப் பார்த்ததும் உவமை என்று எழுதுவார்கள், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.