துலிப் மரம்: பார்த்தவர்களும் நட்டவர்களும் சொல்லுங்கள்

காடோடி:
வட கரோலினாவில் ஜாய்ஸ் கில்மர் காட்டுக்குப் போய்வந்தேன். அங்கே சில துலிப் மரங்களின் சுற்றளவு 20 அடிக்கு மேல், வயது 400 ஆண்டு இருக்கும் என்கிறார்கள். கீழ்க்கிளையே இல்லாமல் தண்டு நேரே ஏறிவிடுகிறது. இலை எங்கோ உச்சியில். இப்படிப்பட்ட மரத்தை நீங்கள் எதை வைத்துக் கண்டுபிடிக்கிறீர்கள்?

இலைப்பித்தன்:
தரையைப் பாருங்கள் காடோடி. உதிர்ந்த ஓர் இலை போதும். நாலு மடல், ஆனால் கூர்நுனி கிடையாது. நுனி இருக்க வேண்டிய இடம் தட்டையாக, நடுவில் கொஞ்சம் உள்வாங்கி இருக்கும். வட அமெரிக்காவில் இப்படி ஓர் இலை வேறு எந்த மரத்துக்கும் இல்லை.

இலை கொட்டிய பிறகும் எளிதுதான். குளிர்கால மொட்டு தட்டையாக, வாத்தின் அலகு மாதிரி இருக்கும். குச்சியில் ஒவ்வொரு கணுவிலும் முழு வளையமாக ஒரு தழும்பு ஓடும். மக்னோலியா குடும்பத்து அடையாளம் அது. சிறகு விதைகள் பறந்துபோன பின்னும் காய்க்கூம்பின் மிச்சம் கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். பனிக்காலத்தில் தூரத்திலிருந்தே மரத்தைச் சொல்லிவிட எனக்கு அதுதான் கைகொடுக்கிறது.

மாடித்தோட்டம்:
வெப்பமண்டல ஊர்களில் சாலையோரம் செக்கச்செவேலென்று பூக்குமே, அதுவும் துலிப் மரம்தானே?

இலைப்பித்தன்:
இல்லைங்க. அது ஆப்பிரிக்கத் துலிப், ஸ்பத்தோடியா. குடும்பமே வேறு, இலையும் பல சிற்றிலைகள் சேர்ந்த கூட்டிலை. நாங்கள் பேசுவது லிரியோடென்ட்ரான் துலிபிஃபெரா. அமெரிக்காவின் கிழக்குப் பகுதிதான் இதன் தாய்மண். இந்தியானா, கென்டக்கி, டென்னசி மூன்றுக்கும் மாநில மரமே இதுதான்.

நிழல்:
பூவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! எங்கள் பக்கம் மே மாதக் கடைசியில், இலையெல்லாம் வந்த பிறகு பூக்கும். பச்சையும் மஞ்சளும் கலந்த நிறம் என்பதால் கீழிருந்து பார்த்தால் இலையோடு இலையாகப் போய்விடும். காற்றடித்த மறுநாள் புல்லில் விழுந்து கிடந்த ஒரு பூவை எடுத்துப் பார்த்தேன். ஆறு இதழ், ஒவ்வொன்றின் அடியிலும் ஆரஞ்சுப் பட்டை. நடுவில் ஒரு கூம்பு, அதைச் சுற்றி நிறைய மகரந்தத் தாள்கள். தேன் அவ்வளவு சுரக்கும், தேனீ வளர்ப்பவர்களுக்கு இந்த மரம் என்றால் உயிர். அப்புறம், நட்ட உடனே பூவை எதிர்பார்க்காதீர்கள். 15, 20 வருடம் ஆகும்.

பண்ணைவாசி:
பெரிய நிலம் இருப்பவர்களுக்கு மட்டும்தான் இதைச் சிபாரிசு செய்வேன். நல்ல மண்ணில் வருடத்துக்கு இரண்டடிக்கு மேல் வளரும், 100 அடியைத் தாண்டுவது சாதாரணம். வீட்டிலிருந்து 50 அடியாவது தள்ளி, முழு வெயிலில் வையுங்கள். கட்டை மெது, புயலிலும் பனிக்கட்டி மழையிலும் கிளை முறியும்.

வேர் சதைப்பற்றானது. அறுபட்டால் சீக்கிரம் தேறாது. அதனால் பெரிய கன்றுக்கு ஆசைப்படாமல் சின்னதாக வாங்கி, வசந்தத்தில் மொட்டு விரியும் முன் நடுங்கள். ஆழமான, ஈரம் நிற்கிற, ஆனால் நீர் தேங்காத மண் வேண்டும். கோடையில் வறண்டால் ஜூலையிலேயே உள்ளிலைகள் மஞ்சளாகிக் கொட்டும். பார்த்துப் பயந்து உரம் போடுகிறார்கள். அது கேட்பது தண்ணீர்தான். அசுவினி வந்தால் இலையிலிருந்து பிசுபிசுவென்று சொட்டும், கீழே காரை நிறுத்தினால் தெரியும் சேதி!

காடோடி:
ஜார்ஜ் வாஷிங்டன் 1785-இல் தன் பண்ணையான மவுண்ட் வெர்னனில் நட்டவை இன்னும் நிற்கின்றன என்றால், இடம் விட்டு நட்டது வீண்போகவில்லை. சரி பண்ணைவாசி, விதையிலிருந்து வளர்த்திருக்கிறீர்களா?

பண்ணைவாசி:
வளர்த்திருக்கிறேன். கூம்பில் பெரும்பாலும் பதர்தான், அதனால் கைநிறைய அள்ளிக்கொள்ளுங்கள். ஈர மணலில் கலந்து குளிர்பெட்டியில் இரண்டு மூன்று மாதம் வைத்து, வசந்தத்தில் விதைத்தால் முளைக்கும். தொட்டியில் ரொம்ப நாள் விட்டுவைக்காமல் நிலத்துக்கு மாற்றிவிடுங்கள், வேர் சுருண்டுகொள்ளும்.