மறுமொழி: கடற்கரைப் பூங்காவுக்குப் பத்து லட்சம் – முதலில் நம் வீட்டு வரி

எல்லோருக்கும் வணக்கம்.

செயலாளர் அண்ணன் அனுப்பிய வேண்டுகோளையும் அதற்கு வந்த பதில்களையும் முழுக்கப் படித்துவிட்டேன். கடற்கரையில் பூங்கா அமைக்கப் பேரூராட்சி கேட்கும் பத்து லட்சத்தை, வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்களின் சங்கம் கொடுக்கலாமா என்பதுதான் கேள்வி. இப்போதைக்குக் கொடுக்கக் கூடாது என்பது என் கருத்து. கொஞ்சம் நீளமாகத்தான் எழுத வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கோலாலம்பூர் அத்தையின் மடல். மே மாதம் ஊருக்குப் போயிருந்த அத்தை நாலே வரிதான் எழுதியிருந்தார். முகத்துவாரத்துக்குத் தெற்கே மணல்மேட்டை ஜேசிபி வைத்துச் சமன் செய்கிறார்கள், மணலைப் பிடித்து நிற்கும் அடம்பங்கொடி எல்லாம் போய்விட்டது, மீன்பிடித் தடைக்காலம் என்று படகுகள் கரையேறி நிற்கின்றன, அந்தப் படகுகளுக்குப் பக்கத்திலேயே குப்பை வண்டி வந்து கொட்டிவிட்டுப் போகிறது. இதற்கு ஒருவர்கூடப் பதில் போடவில்லை. அதன் பிறகு வந்த மடல்கள் எல்லாமே பூங்கா வாசல் வளைவில் யார் பெயர் முதலில் வர வேண்டும் என்பதைப் பற்றித்தான். 2004 டிசம்பர் 26 அன்று அதே கரையில் அத்தை யாரை இழந்தார் என்று இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். அவருக்கு ஒரு வரியாவது பதில் எழுதியிருக்கலாம்.

அந்த மேட்டைப் பற்றி இளையவர்களுக்காகச் சொல்கிறேன். சின்ன வயதில் அதற்குப் பின்னால் நின்றால் கடல் கண்ணுக்குத் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். அதன் மேலே ஏறிப் படகு எண்ணுவதுதான் எங்கள் சாயங்கால வேலை. சுனாமி அன்று மேடு இருந்த பக்கம் தண்ணீர் தெருமுனையோடு நின்றது. லாரி போக வர மேட்டை வெட்டி வழி போட்டிருந்தார்களே, அந்த இடத்தில்தான் ஊருக்குள் புகுந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போன நாள் அது. அந்த மேட்டைத்தான் இப்போது புல்தரைக்கும் சிமெண்டு பெஞ்சுக்கும் இடம் வேண்டும் என்று தள்ளுகிறார்கள்.

சட்டமும் இதற்கு இடம் கொடுக்கவில்லை. சி.ஆர்.இசட். என்று நாம் சொல்லும் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 2011இல் வந்தபோதே, அழகுபடுத்துவதற்காகவும் பொழுதுபோக்குக்காகவும் மணல்மேட்டைக் கலைக்கக் கூடாது என்று தடைப் பட்டியலில் எழுதிவிட்டார்கள். 2019 அறிவிக்கை மணல்மேடுகளை ‘1ஏ’ வகையில் வைக்கிறது. இருப்பதிலேயே கட்டுப்பாடு அதிகமுள்ள வகை அது. ஊர்க்குப்பையைக் கொட்டி நிலம் நிரப்புவதும் தடைப் பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் இந்த வேலைக்கு யார், எந்தக் காகிதத்தின் பேரில் அனுமதி கொடுத்தார்கள்? பணம் அனுப்பும் முன் இதை நாம் கேட்க வேண்டாமா?

சரி, திட்டத்துக்கு வருகிறேன். ‘நமக்கு நாமே’ திட்டத்தின் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 1997இல் தொடங்கி, இடையில் நின்று, 2021இல் மறுபடி கொண்டுவந்தார்கள். மக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கட்டினால் மீதியை அரசு போடும். 30 லட்சம் மதிப்பீடு என்பதால் நம் பங்கு 10 லட்சம். ஆனால் அந்த மதிப்பீட்டை நம்மில் யார் பார்த்தோம்? செயலாளர் அண்ணன் அனுப்பியது பூங்காவின் வண்ணப் படம் மட்டும்தான். மன்றத் தீர்மானத்தின் நகல் இல்லை, சர்வே எண் இல்லை, எந்த வேலைக்கு எவ்வளவு என்ற விவரமும் இல்லை. அண்ணன் மேல் எனக்குச் சந்தேகம் கிடையாது. அவர் கையில் கொடுத்ததை அப்படியே அனுப்பியிருக்கிறார். கொடுத்தவர்கள் காகிதங்களையும் சேர்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

லண்டன் மாமா பழைய கணக்கைக் கேட்டு எழுதியதற்குச் சிலர் கோபப்பட்டிருக்கிறீர்கள். எனக்கு மாமா கேட்டது சரியாகத்தான் படுகிறது. கஜா புயல் அடித்த 2018 நவம்பரில் தார்ப்பாய்க்கும் கூரை ஓட்டுக்கும் திரட்டிய பணத்தில் மிச்சம் எவ்வளவு என்று இன்று வரை பட்டியல் வரவில்லை. யாரும் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை. பட்டியல் வேண்டும், அவ்வளவுதான். குளத்துப் படித்துறை விஷயத்தை மாமா இதோடு சேர்த்து இழுத்ததை மட்டும் விட்டுவிடலாம். அதில் சம்பந்தப்பட்டவர்களில் இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை.

மாமாவின் கேள்வியோடு நான் இன்னொன்றையும் சேர்க்கிறேன், இது முக்கியம். ஊரில் இருக்கும் நம் அறக்கட்டளைக் கணக்குக்கு யார் பணம் அனுப்பலாம், யார் அனுப்பக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010இன்படி, அயல்நாட்டுக் குடிமகன் கொடுப்பது வெளிநாட்டு நன்கொடை. இந்தியப் பாஸ்போர்ட்டில் துபாயிலோ தோகாவிலோ இருப்பவர் தன் சம்பளத்திலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் சிங்கப்பூர், மலேசியா, கனடா குடியுரிமை வாங்கியவர்கள் கொடுத்தால் ஆகும். இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும் ஆகும். அந்த நன்கொடையை வாங்க வேண்டுமானால் அறக்கட்டளை அந்தச் சட்டத்தின் கீழ் பதிவோ முன் அனுமதியோ பெற்றிருக்க வேண்டும், டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தனிக் கணக்கும் இருக்க வேண்டும். நம் அறக்கட்டளைக்கு இரண்டும் இல்லை. “நான் அஞ்சு போடுகிறேன், நீ மூணு போடு” என்று இங்கே எழுதிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பாலோர் அந்த நாடுகளின் குடிமக்கள். நாளைக்குப் பதில் சொல்லப்போவது ஊரில் கையெழுத்துப் போடும் நம் பொருளாளர். வயதான மனிதரை அந்த நிலைமையில் நிறுத்தாதீர்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நன்கொடைக்கு முன்னால் நாம் கட்ட வேண்டிய பணம் ஒன்று இருக்கிறது. வீட்டு வரி.

எங்கள் அப்பா பேரூராட்சியில் பில் கலெக்டராக இருந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். கேட்பு, வசூல், நிலுவை என்று மூன்று கட்டம் போட்ட பதிவேடு எங்கள் வீட்டுக் கூடத்தில் ராத்திரி நேரத்தில் விரிந்து கிடக்கும். நிலுவைக் கட்டத்தில் அதிகம் வந்த கதவு எண்கள் எந்தத் தெருவில் என்று சின்னப் பெண்ணான எனக்கே மனப்பாடம். மீனவர் தெருவில் தடைக்காலம் முடிந்து கடலுக்குப் போன முதல் வாரத்திலேயே கொண்டுவந்து கட்டிவிடுவார்கள். இழுத்தடித்தது நம் தெருக்கள்தான், வெளிநாட்டிலிருந்து பணம் வந்துகொண்டிருந்த மாடி வீடுகள். “பையன் அனுப்பட்டும், தருகிறோம்” என்பார்கள். மேலத்தெருவில் ஒரு வீட்டில் அப்பாவைத் திண்ணையில் உட்காரக்கூடச் சொன்னதில்லை, வெயிலில் நிற்க வைத்தே பதில் சொல்வார்கள். இப்போது வளைவில் இரண்டாவது பெயராகத் தங்கள் வீட்டுப் பெயர் வர வேண்டும் என்று கேட்பவர்களும் அவர்கள்தான். இதை எழுதாமல் விடத்தான் நினைத்தேன், என்னால் முடியவில்லை.

இன்றைக்கும் நிலைமை பெரிதாக மாறவில்லை. நம் பூட்டிக் கிடக்கும் வீடுகளில் எத்தனை இன்னும் தாத்தா பெயரிலேயே இருக்கின்றன? பெயர் மாற்றம் செய்யாத வீட்டுக்கு நோட்டீஸ் போனால் வாங்க ஆள் கிடையாது. முன்பக்கத்தை மருந்துக் கடைக்கும் செல்போன் கடைக்கும் வாடகைக்கு விட்டுவிட்டுக் குடியிருப்பு வரியே கட்டுபவர்களும் நம்மில் இருக்கிறார்கள். வீடு யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும், நான் சொல்ல வேண்டியதில்லை.

2022இல் வரியை ஏற்றியபோது இந்தக் குழுவில் எழுந்த சத்தம் நினைவிருக்கும். 2008க்குப் பிறகு நம் ஊரில் நிலைத்த முதல் சீரமைப்பு அது. நடுவில் 2018இல் ஏற்றியதை அடுத்த ஆண்டே நிறுத்திவைத்துவிட்டார்கள். 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100 சதவீதம். பெரிய வீட்டுக்காரர்களுக்குத்தான் அதிகம் ஏறியது, அந்தப் பெரிய வீடுகள் நம்முடையவை. அநியாயம் என்று எழுதியவர்கள், பூங்கா என்றதும் லட்சக்கணக்கில் தருகிறேன் என்கிறீர்கள். வரிக்குக் கல்வெட்டில் பெயர் வராது என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

பேரூராட்சிக்குச் சொந்த வருமானம் என்று இருப்பது சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், மார்க்கெட் குத்தகை, கடை வாடகை போன்றவைதான். தூய்மைப் பணியாளர்களின் சம்பளம், குப்பை வண்டிக்கு டீசல், தெருவிளக்கு மின்கட்டணம் எல்லாம் இதிலிருந்தும் அரசு மானியத்திலிருந்தும் போக வேண்டும். அந்த மானியமும் வரி வசூலோடு சேர்ந்தது. நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் வேண்டுமென்றால் மாநிலம் சொத்து வரிக்குக் குறைந்தபட்ச அளவை அறிவிக்க வேண்டும், வசூலும் ஆண்டுக்காண்டு கூட வேண்டும் என்று 2021–26க்கான மத்திய அரசின் 15ஆவது நிதிக்குழு நிபந்தனை போட்டது. நாம் கட்டாமல் விட்டால் ஊருக்கு இரண்டு பக்கமும் நஷ்டம். குப்பை ஏன் முகத்துவாரத்தில் விழுகிறது என்று கேட்கிறோம். தரம் பிரித்து, குப்பையை உரமாக்கும் வளம் மீட்புப் பூங்காவுக்குக் கொண்டுபோக ஆளும் வண்டியும் வேண்டும், அதற்கு மாதாமாதம் பணம் வேண்டும். ஒரு தடவை கொடுக்கும் நன்கொடையில் அது நடக்காது.

சிங்கப்பூர்ச் சித்தப்பாவுக்கு: பக்கத்து ஊர்க்காரர்கள் வளைவு கட்டிவிட்டார்கள், நமக்கு மட்டும் ஒன்றும் இல்லை என்ற உங்கள் வருத்தம் எனக்குப் புரிகிறது. 2004க்குப் பிறகு படகு வந்த சமயத்தில் நீங்கள் ஊருக்குச் செய்ததை யாரும் மறக்கவில்லை, எங்கள் வீட்டுக்குச் செய்ததை நான் மறக்கவே மாட்டேன். அந்த உரிமையில்தான் கேட்கிறேன். வளைவுக்குப் பின்னால் மேடு இல்லாமல் போனால் நாளைக்குக் கடல் வரும்போது எதைக் காட்டிப் பெருமைப்படப் போகிறோம்?

துபாய்த் தம்பி, “வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு பேசுவது சுலபம், ஊரில் இருப்பவர்களுக்குத்தான் கஷ்டம் தெரியும்” என்று எழுதியிருந்தாய். ஊரில் இருப்பவர்களிடம் நீ கேட்டாயா? மீனவர் தெருப் பெண்கள் கேட்டது ஏலக்கூடத்துக்குக் கூரையும் குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும். அந்த மனுவின் படத்தைப் போன வருடம் இதே குழுவில் போட்டது நீதானே.

2016 அக்டோபரிலிருந்து 2022 வரை நம் ஊருக்குத் தேர்ந்தெடுத்த மன்றம் கிடையாது, அரசு போட்ட தனி அலுவலர்தான். யாரிடம் போய்க் கேட்பது என்று அப்போது புலம்பினோம். 2022 பிப்ரவரி 19இல் தேர்தல் நடந்தது, வார்டுக்கு ஒரு கவுன்சிலர் வந்தார். அவர்களிடம் நாம் என்ன கேட்டோம்? இந்த மன்றத்தின் ஐந்தாண்டு முடிவதற்குள் திறப்பு விழா நடத்திவிட வேண்டும் என்ற அவசரம் அவர்களுக்கு இருக்கலாம். நமக்கு அந்த அவசரம் இல்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். இந்த அரையாண்டு வரியையும் பழைய நிலுவையையும் ஒவ்வொருவரும் கட்டுங்கள், ஆன்லைனிலேயே கட்டலாம். ஏப்ரல் 30, அக்டோபர் 31 ஆகிய தேதிகளுக்குள் கட்டினால் அந்த அரையாண்டுக்கு 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் வரை ஊக்கத்தொகையும் உண்டு. தாத்தா பெயரில் இருக்கும் வீட்டுக்கு வாரிசுச் சான்றிதழ் வாங்கிப் பெயர் மாற்றுங்கள். பங்காளிச் சண்டையால் மாற்ற முடியவில்லை என்றால் வரியையாவது யாராவது ஒருவர் கட்டுங்கள், கட்டுவதால் சொத்து அவருக்குப் போய்விடாது. அப்புறம் சங்கத்தின் பெயரில் செயல் அலுவலருக்கு ஒரு கடிதம் போடுவோம்: தீர்மான நகல், மதிப்பீடு, சர்வே எண், கடலோர அனுமதி. தரவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு மனு, 30 நாளில் பதில் தர வேண்டும். இந்தியக் குடிமக்கள்தான் கேட்க முடியும் என்பதால் மனு என் பெயரில் போகட்டும், எனக்கு இன்னும் இந்தியப் பாஸ்போர்ட்தான்.

காகிதம் எல்லாம் வந்து, பூங்காவை மேட்டுக்கு இந்தப் பக்கம், பழைய உப்புக் கிடங்கு இடத்துக்கு மாற்றுகிறார்கள் என்றால் நானும் என் பங்கைத் தருகிறேன். அதைவிட ஏலக்கூடத்துக்கு அதே திட்டத்தில் கேட்டால் இரண்டு மடங்கு தருகிறேன்.

என் வீட்டு ரசீதை இத்துடன் இணைத்திருக்கிறேன். அத்தை, நீங்கள் எடுத்த படங்களைத் தேதியோடு எனக்கு அனுப்புங்கள். சனிக்கிழமைக் கூட்டத்துக்கு முன் கடிதத்தின் வரைவைக் குழுவில் போடுகிறேன். செயலாளர் அண்ணா, அதுவரை யாரிடமும் பணம் வாங்க வேண்டாம்.

பில் கலெக்டர் வீட்டு மூத்தவள்
கீழத்தெரு, இப்போது மஸ்கட்