மறு: பச்சோந்தியின் இரைப்பூச்சிக்கு முதலில் தீனி போடுவதற்கு என்ன சொல்?

வணக்கம்.

பச்சோந்திக்கு இரையாகப் போடும் பூச்சிக்கு முன்கூட்டியே சத்தான தீனி கொடுப்பதற்கு இங்கே ஒருவர் சொன்ன 'குடலேற்றம்' என்ற சொல்லை என்னால் ஏற்க முடியவில்லை. எங்கள் லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) கைக்குழந்தை குடித்த பாலைக் கக்கி, வயிற்றாலும் போனால் "குடலேத்தம்" என்றுதான் பாட்டிமார் சொல்வார்கள். அதை அம்மாவுக்கு எழுதி அனுப்பினால், பச்சோந்திக்குப் புதிதாக ஏதோ நோய் வந்துவிட்டதென்று பதறிவிடுவார்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: இலங்கையில் ஹட்டன் பக்கம் முப்பது வருடம் தேயிலைக் கொழுந்தெடுத்த அம்மா இப்போது கனடாவில் தங்கை வீட்டில் இருக்கிறார். மருமகன் வளர்க்கும் பச்சோந்தி மெலிந்து, கண் உள்வாங்கிக் கிடக்கிறது. பகலில் அதைப் பார்ப்பவர் அம்மாதான். மிருக வைத்தியர் தந்த குறிப்பை அவருக்காகத் தமிழில் எழுதுகிறேன். நம் தேயிலைச் செடியில் நாம் பச்சோந்தி என்று காட்டுவது பச்சை ஓணான். மருமகன் வளர்ப்பதோ ஏமன், சவூதிப் பக்கத்துச் சாதி, தலையில் உயர்ந்த கொண்டை உள்ளது.

குறிப்பில் பாதிக்கு நம்மிடம் சொல் இருக்கிறது. முதலில் நீர்ச்சத்து ஏற வேண்டும். அது கிண்ணத்தில் குடிக்காது, இலையில் சொட்டும் நீரைத்தான் நக்கும். மெலிந்த உடம்புக்கு ஒரேயடியாகத் தீனி திணிக்கக் கூடாது. வயிற்றில் புழு இருக்கிறதா என்று எச்சத்தைச் சோதிக்க வேண்டும். கிராம் தராசில் வாராவாரம் நிறுக்க வேண்டும். இவை எல்லாம் அம்மாவுக்கு உடனே புரிந்தன.

சிக்கல் பூச்சியில். சுவர்க்கோழியில் பொஸ்பரஸ் அதிகம், கல்சியம் மிகக் குறைவு. அதை அப்படியே போட்டுவந்தால் பச்சோந்தியின் எலும்பு மென்மையாகி வளையும். அதனால் கொடுப்பதற்கு 24 முதல் 48 மணி நேரத்துக்கு முன்பே சுவர்க்கோழிக்குக் கரட், பூசணி, கடுகுக்கீரை என்று தின்னக் கொடுக்கிறார்கள். பூச்சியின் வயிற்றில் இருக்கும் சத்து அப்படியே பச்சோந்திக்குப் போகிறது. இந்தச் செயலுக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

இங்கே வந்த இன்னொரு சொல்லான 'முன்னூட்டம்' அழகான சொல். ஆனால் யாருக்கு முன்னால் ஊட்டுவது? பச்சோந்திக்கே சாப்பாட்டுக்கு முன் ஏதோ கொடுக்கச் சொல்கிறார்கள் என்றுதான் அம்மா எடுத்துக்கொண்டார். அக்கா ஒருவர் சொன்ன 'இரைக்கு ஊட்டம்' பொருளில் சரி. சேர்த்து எழுதினால் 'இரைக்கூட்டம்' ஆகி, பூச்சிக்கூட்டம் போலக் காதில் விழுகிறது.

என் முன்மொழிவு: இரைவழியூட்டம். மாட்டுக்கு வைத்த தவிடும் பிண்ணாக்கும் பாலில் தெரியும் என்பது மாடு வளர்த்த எவருக்கும் தெரிந்ததுதான். பூச்சி வெறும் வழி, சத்து சேர வேண்டிய இடம் பச்சோந்தி. 'வழி' என்ற சொல் அதைக் காட்டிவிடுகிறது. தொலைபேசியில் சொன்னபோது அம்மா மறுகேள்வி கேட்கவில்லை. "அப்ப பூச்சியப் பட்டினி போடக் கூடாது" என்றார். இதைவிடப் பெரிய சோதனை எனக்குத் தேவைப்படவில்லை.

பூச்சிமேல் கல்சியத் தூள் படிய வைப்பதற்கு 'தூவல்' வேண்டாம். தூவினால் மேலே மட்டும்தான் விழும். பையில் போட்டுக் குலுக்கி எல்லாப் பக்கமும் ஒட்ட வைக்க வேண்டும். மீனுக்கு மிளகாய்த்தூள் புரட்டுகிறோமே, அதே 'புரட்டல்' போதும்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் சரிவரவில்லை: வினைச்சொல். 'இரைவழியூட்டம் பெற்ற பூச்சி' குறிப்பேட்டுக்குச் சரி, அடுப்படிப் பேச்சுக்கு நீளம். குறுக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். ஞாயிறு மறுபடி நிறுக்கிறார்கள். அதற்குள் அம்மாவுக்கு முழுக் குறிப்பையும் அனுப்பிவிட வேண்டும்.