பெசாஹ் வாரமும் எதிர்வீட்டுச் சோறும்

நான் நாகர்கோவில்காரி. இஸ்ரேலில் ஹைஃபா நகரில் 86 வயது யூதப் பாட்டி ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. போலந்தில் பிறந்தவர். "சாவ்தா" என்று கூப்பிடுவேன், எபிரேயத்தில் பாட்டி.

முதல் வருஷம் பெசாஹ் (யூதர்களின் பஸ்கா) பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பே அலமாரி கவிழ்ப்பு ஆரம்பம். பண்டிகை நாட்களில் புளித்த மாவுப் பண்டம் வீட்டில் இருக்கக் கூடாதாம். ரொட்டி, பிஸ்கட், நூடுல்ஸ் எல்லாம் வெளியே. கோதுமை மாவில் தண்ணீர் பட்டு 18 நிமிடம் சும்மா கிடந்தாலே புளித்த கணக்காம். அதற்குள் சுட்டு எடுப்பதுதான் மட்சா. ஞாயிறு பள்ளியில் படித்த 'புளிப்பில்லா அப்பம்' ஆயிற்றே என்று ஆசையாய்க் கடித்தேன். அட்டை தோற்றுவிடும்.

அதைக்கூடப் பொறுத்தேன். என் அரிசி டப்பாவையும் அலமாரிக்குள் வைத்து டேப் ஒட்டியபோதுதான் அழுகை வந்தது. அஷ்கெனாசி (ஐரோப்பிய வழி யூத) குடும்பங்களில் அந்த 7 நாளும் அரிசி, பருப்பு, கடலை கிடையாது, அம்மா காலத்து வழக்கம் என்றார் சாவ்தா. மூன்றாம் நாள் மாடிப்படியில் சோறு வேகும் வாசனை! எதிர்வீட்டம்மா ஈராக் யூதர். அவர்களுக்கு அரிசி உண்டு, மூன்று தடவை பொறுக்கிப் பார்த்துவிட்டு. அவர் அடுக்களையிலேயே உட்கார்ந்து தின்றேன். சாவ்தாவுக்குத் தெரியும், கேட்டுக்கொள்ளவில்லை.

சாவ்தா சொல்லித்தந்தது க்னேய்ட்லாஹ், அதாவது கோழி சூப்பில் போடும் மட்சா உருண்டை. ரவை மாதிரிப் பொடித்த மட்சா 1 கப், முட்டை 4, எண்ணெய் கால் கப், சூப்பு கால் கப், உப்பு, மிளகு. கலந்து ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊற வேண்டும். நான் அவசரப்பட்டு உடனே உருட்டிப் போட்டேன். சட்டி நிறையக் கஞ்சி. கையை நனைத்து நெல்லிக்காய் அளவு உருட்டினால் போதும், வெந்தால் இரண்டு மடங்காகும். கொதிக்கிற உப்புத் தண்ணீரில் மூடிபோட்டு அரை மணிக்கு மேல். நடுவில் மூடியைத் தொட்டால் நாற்காலியிலிருந்தே சத்தம் வரும்.

நியூ ஜெர்சியிலிருந்து மறுமொழி:
அக்கா, பண்டிகை முடிந்ததும் ஆபீஸ் தோழி மிச்சமான மட்சா இரண்டு பெட்டி தலையில் கட்டினாள். உடைத்து முட்டையில் வதக்கு, அதுதான் மட்சா ப்ராய் என்றாள். அவலை ஊறவைப்பதுபோல் ஊறவைத்தேன், பசை! குழாயடியில் ஒரு நனைப்பு, ஒரு பிழி, அவ்வளவுதான் வேண்டும். இப்போது வெங்காயம், பச்சைமிளகாய் சேர்க்கிறேன். கொத்து பரோட்டாவுக்குத் தங்கச்சி முறை.

கோட்டயத்திலிருந்து மறுமொழி:
இங்கே நசரானி (கேரள சிரியன் கிறிஸ்தவ) வீடுகளில் பெரிய வியாழன் இரவு பெசஹா அப்பம் உண்டு. புளிக்க விடாத மாவு, மேலே குருத்தோலைச் சிலுவை, தொட்டுக்கொள்ள வெல்லமும் தேங்காய்ப்பாலும். குடும்பத்தில் மூத்தவர் வெட்டித் தருவார். வேடிக்கை என்னவென்றால், மாவு அரைப்பதே அரிசியிலும் உளுந்திலும்தான்!

மீண்டும் நாகர்கோவில்காரி:
இதைச் சாவ்தாவிடம் படித்துக் காட்டினேன். "அரிசியும் உளுந்துமா?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "எதிர்வீட்டுக்காரியிடம் சொல், அவள் சாப்பிடுவாள்" என்றார்.